மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. முகத்துக்குப் பொருந்தும் டைவிங் மாஸ்க்கை எப்படித் தேர்வு செய்வது?

கரைக்காக்கா | சனி, இரவு 10.40

வணக்கம். போன மாதம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடித்தேன். அட்டை கையில் இருக்கிறது. ஆனால் நான்கு கடல் டைவிலும் மீனைப் பார்த்த நேரத்தைவிட மாஸ்க்கிலிருந்து தண்ணீரை ஊதித் தள்ளிய நேரம்தான் அதிகம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கு வரை ஏறிவிடும். அண்ணாந்து பார்த்து, மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதிக் காலி செய்வேன். உடனே அடுத்த தவணை ஆரம்பம். "உனக்கு மட்டும் மாஸ்க் கிளியரிங் டெஸ்ட்டே வேண்டாம்ப்பா" என்று இன்ஸ்ட்ரக்டர் சிரித்தார்.

மாஸ்க் என் சொந்த மாஸ்க். ஆன்லைனில் 4,200 ரூபாய். ஒற்றைக் கண்ணாடி, கறுப்பு சிலிக்கான், நாலரை நட்சத்திரம். ஒழுகுகிறது என்றதும் பட்டையை இறுக்கச் சொன்னார்கள், இறுக்கினேன். ஒழுகல் கூடியது. நெற்றியிலிருந்து கன்னம் வரை பதிந்த கோடு ராத்திரி சாப்பாடு வரை போகவில்லை. பரிமாறியவர் "எங்கே சார் விழுந்தீங்க" என்று கேட்டுவிட்டார்.

இரண்டு மாதத்தில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறேன். அதற்குள் வேறு வாங்க வேண்டும். பத்தாயிரம் கொடுத்தால் ஒழுகாததாகக் கிடைக்குமா? எதைப் பார்த்து வாங்குவது? கண்ணாடி போடுகிறவன் நான், இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றுக்கு முன்னே பின்னே.

ஆழிமகள் | சனி, இரவு 11.15

அந்தமானில் ஆறு வருடம் டைவ்மாஸ்டராக இருந்தேன். இந்தக் கேள்வியை வாரம் மூன்று தடவையாவது கேட்டிருப்பேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விலைக்கும் ஒழுகலுக்கும் சம்பந்தம் இல்லை. கூடுதல் காசு கொடுத்தால் சிலிக்கான் மென்மையாக இருக்கும், பக்கிள் நன்றாக இருக்கும், கண்ணாடி தெளிவாக இருக்கும். உங்கள் கன்ன எலும்புக்கு அது பொருந்துமா என்பது வேறு கணக்கு. எங்கள் வாடகைப் பெட்டியில் கிழடு தட்டிய ஒரு மாஸ்க் இருந்தது. பாதிப் பேர் முகத்தில் அது ஒரு சொட்டு விடாது. புத்தம் புதிதாக வந்த விலை உயர்ந்த ஒன்று எனக்கே ஒழுகியது.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். ஒன்று, தண்ணீர் எந்த வழியாக வருகிறது? மூக்குப் பக்கம் என்று சொல்லாதீர்கள். எங்கே நுழைந்தாலும் கடைசியில் மூக்கடியில்தான் போய்த் தேங்கும், மாஸ்க்கில் அதுதான் பள்ளம். நெற்றிப்பொட்டுப் பக்கம் சில்லென்று வருகிறதா, மேலுதட்டுப் பக்கமா, சிரித்தால் மட்டுமா என்று கவனித்துச் சொல்லுங்கள். இரண்டு, பட்டை தலையில் எங்கே உட்கார்ந்தது? மூன்று, மீசை உண்டா?

கரைக்காக்கா | சனி, இரவு 11.22

மீசை... உண்டு. கொஞ்சம் அடர்த்தி.

தூத்துக்குடிக்காரன் | ஞாயிறு, காலை 6.05

அது தெரிந்ததுதானே. மீசையை வைத்துக்கொண்டு மாஸ்க்கைக் குறை சொல்லக்கூடாது தம்பி.

எங்கள் சித்தப்பா சங்கு குளிக்கப் போனவர். மாஸ்க் என்று சொல்ல மாட்டார், கண்ணாடி என்பார். புதுக் கண்ணாடி வாங்கினால் கடையிலேயே பட்டை இல்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் ஒரு இழு இழுப்பார். கையை விட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் காசு கொடுப்பார். விழுந்தால் அடுத்ததை எடுப்பார். அவ்வளவுதான் சோதனை. இதற்கு இவ்வளவு பெரிய இழை வேண்டுமா?

ஆழிமகள் | ஞாயிறு, காலை 8.30

> ஒரு இழு இழுப்பார்

அண்ணாச்சி, சித்தப்பாவுக்கு வணக்கம். ஆனால் அந்தச் சோதனையை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவார்கள். பலமாக இழுத்தால் டிபன் பாக்ஸ் மூடிகூட முகத்தில் ஒட்டும். உள்ளே காற்று குறைந்ததும் வெளிக்காற்று சிலிக்கானை அமுக்கிவிடும், இருக்கிற இடைவெளியும் மூடிக்கொள்ளும். தண்ணீருக்குள் நாம் மூக்கால் இழுத்துக்கொண்டே இருக்கப்போவதில்லை.

நான் பார்க்கும் முறை இது. பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும். மாஸ்க்கை முகத்தில் சும்மா வைக்க வேண்டும், அழுத்தக்கூடாது, மூச்சும் இழுக்கக்கூடாது. அதன் எடையிலேயே சிலிக்கான் விளிம்பு சுற்றிலும் தோலைத் தொட வேண்டும். கூட வந்தவரை விட்டு விளிம்பு எங்காவது தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொட்டுக்குழியிலும், மூக்கின் இரு பக்கமும் உதட்டோரத்துக்கு இறங்குகிற மடிப்பிலும்தான் அநேகமாக வெளிச்சம் தெரியும். அங்கே தெரிந்தால் கீழே வைத்துவிடலாம்.

இதில் தேறியதை மட்டும் அப்புறம் மூக்கால் லேசாக, பூ முகர்கிற அளவுக்கு இழுத்துப் பாருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தலையை நிமிர்த்தினால் அப்படியே நிற்க வேண்டும்.

கடையில் யாருமே செய்யாதது அடுத்தது: வாயில் ரெகுலேட்டர் (டாங்க் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மவுத்பீஸையோ ஸ்நார்க்கலையோ கடித்துக்கொண்டு இத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும். மவுத்பீஸ் வாயில் போனதும் மேலுதடு முன்னே தள்ளும், கன்னம் இழுபடும், முகமே வேறாகிவிடும். வெறும் வாயோடு அழகாக ஒட்டிய மாஸ்க் ரெகுலேட்டரைக் கடித்ததும் மூக்கடியில் வாய் பிளக்கும். கரைக்காக்காவுக்கு நடந்ததில் பாதி இதுவாக இருக்கலாம்.

தூத்துக்குடிக்காரன் | ஞாயிறு, காலை 9.10

வாயில் குழாயைக் கடித்துப் பார்க்க வேண்டும் என்பது நியாயம்தான். எங்கள் ஊர் ஆட்கள் மூச்சை அடக்கி முங்கினவர்கள், வாயில் எதுவும் கிடையாது. அதனால் அவர்களுக்கு இழுத்துப் பார்த்ததே போதுமாக இருந்திருக்கும். ஆனால் மீசை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

சுழியோடி_திருமலை | ஞாயிறு, காலை 11.48

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நானும் மீசைக்காரன்தான், பன்னிரண்டு வருடமாக மீசையோடே சுழியோடுகிறேன். முழுக்க வழிக்கச் சொல்லி யாரையும் பயப்படுத்தத் தேவையில்லை.

மாஸ்க்கின் கீழ் விளிம்பு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில்தான் குந்துகிறது. அந்த இடத்தில் மயிர் இருந்தால் ஒவ்வொரு மயிரும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால். ஆகவே மூக்குக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கீற்றை மட்டும், மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும், சவரம் செய்துவிடுவேன். முன்னால் நின்று பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, மூக்கின் நிழலில் மறைந்துவிடும். விளிம்பு வெறும் தோலில் இருக்கும், மீசையும் இருக்கும்.

கனபேர் வாஸ்லின் பூசச் சொல்வார்கள். பழைய ரப்பர் மாஸ்க்கை அது தின்றுவிடும். சிலிக்கானிலும் பிசுபிசுத்து மண்ணை எல்லாம் ஒட்டவைக்கும், கை பட்டுக் கண்ணாடியிலும் ஏறினால் அன்றைய நாள் முடிந்தது. பூசத்தான் வேண்டும் என்றால் சிலிக்கான் கிரீஸ், ஒரு துளி போதும். அதோடும் கொஞ்சம் வரும். ஒரு டைவில் இரண்டு முறை ஊதித் தள்ளினால் அதை நான் ஒழுகல் என்று கணக்கே வைப்பதில்லை.

கரைக்காக்கா | ஞாயிறு, பகல் 12.20

கீற்று விஷயம் பிடித்திருக்கிறது. மீசையை எடு என்று வீட்டில் சொன்னால் எடுத்துவிடுவேன், மாஸ்க் சொல்லி எடுப்பதா என்றுதான் இருந்தது.

அக்கா கேட்டதற்குப் பதில்: பட்டை காதுக்குக் கொஞ்சம் மேலே, பிடரிப் பக்கம் இறங்கி இருந்தது. கீழே இருந்தால் பிடிப்பு அதிகம் என்று நினைத்தேன். தண்ணீர் வந்த வழி சரியாக நினைவில்லை, ஆனால் பொட்டுப் பக்கம் ஒரு சில்லிப்பு இருந்தது உண்மை.

ஆழிமகள் | ஞாயிறு, பகல் 12.55

பட்டை கீழே இருந்தால் மாஸ்க்கைக் கீழ்நோக்கி இழுக்கும். மூக்கடி விளிம்பு உதட்டில் போய் மடங்கும், நெற்றி விளிம்பு தூக்கும். பின்மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அதற்குச் சற்று மேலே பட்டை இருக்க வேண்டும், இழுப்பு நேராகப் பின்னால் போக வேண்டும்.

இறுக்கினால் ஏன் கூடுதலாக ஒழுகுகிறது என்றால், விளிம்பு மெல்லிய மடல் மாதிரி செய்யப்பட்டது. நல்ல மாஸ்க்கில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு மடல் இருக்கும். தோலில் படுத்துக்கொண்டு முகத்தோடு சேர்ந்து அசைவதுதான் அதன் வேலை. வலித்து இழுத்தால் மடல் சுருண்டு மடிகிறது, மடிப்பில் வழி திறக்கிறது. பட்டையின் வேலை மாஸ்க் நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். கீழே போனதும் தண்ணீரே அதை முகத்தோடு சேர்த்து அமுக்கும். உங்கள் முகத்தில் பதிந்த கோடு மாஸ்க் பொருந்தவில்லை என்பதற்கான ரசீது.

சிங்கைச் செல்வி | ஞாயிறு, இரவு 9.30

பொட்டுப் பக்கம் சில்லென்று வந்தது என்பதால் எழுதுகிறேன். முடியாக இருக்கலாம். எனக்கு நெற்றி ஓரத்தில் பூனைமுடி அதிகம். மலேசியாவின் தியோமான் தீவில் ஒரு டைவ் முழுக்க இடது பக்கம் ஒழுகி, மேலே வந்து பார்த்தால் விளிம்புக்கு அடியில் நாலே நாலு முடி. இப்போது மாஸ்க் போட்டதும் விரலை விளிம்பைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுத்தான் குதிக்கிறேன். ஹுட் என்ற தலையுறை போடுகிறவர்கள் ஹுட்டின் விளிம்பும் உள்ளே மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எனக்குச் சின்ன முகம், மூக்குத் தண்டும் தாழ்வு. கடையில் முதலில் காட்டியது எல்லாம் பொட்டைத் தாண்டி முடிக்குள் போனது. ஒற்றைக் கண்ணாடி மாஸ்க்கில் சிலவற்றுக்கு மூக்குத் தண்டுக்கு நேரே சட்டம் தாழ்ந்து வரும், நடுவில் இடிக்கும். இரட்டைக் கண்ணாடியில் குறுகலானதாக, ஜப்பான் தயாரிப்பு ஒன்று கிடைத்தது, அதோடு நிறுத்திவிட்டேன். அளவு போட்டு விற்பது குறைவு, சிறியது நடுத்தரம் என்று அபூர்வமாக எழுதியிருப்பார்கள். போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நீள முடிக்காரிகளுக்கு: பட்டைக்கு நியோபிரீன் உறை வாங்கிவிடுங்கள். சிலிக்கான் பட்டை முடியை வேரோடு பிடுங்கும். கொண்டையை பட்டைக்குக் கீழே போடுங்கள், மேலே போட்டால் பட்டை வழுக்கிக்கொண்டு இறங்கும்.

புதுவரவு_மதுரை | திங்கள், காலை 7.50

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். ஸ்கூபா இன்னும் போனதில்லை, ஆசை உண்டு. என்னிடம் நல்ல நீச்சல் கண்ணாடி இருக்கிறது, ஒரு சொட்டு ஒழுகாது. முகம் முழுவதும் மூடுகிற ஸ்நார்க்கல் மாஸ்க்கும் இருக்கிறது. இரண்டில் எதையாவது ஸ்கூபாவுக்குப் பயன்படுத்தினால் செலவு மிச்சமாகுமே?

ஆழிமகள் | திங்கள், காலை 8.40

இரண்டும் வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பத்து மீட்டர் ஆழத்தில் நம் மேல் இருக்கிற அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று பாதி இடத்துக்குச் சுருங்கப் பார்க்கும். மாஸ்க் என்றால் மூக்கு உள்ளேயே இருக்கிறது, இறங்க இறங்க மூக்கால் கொஞ்சம் ஊதி அந்த இடத்தை நிரப்பிவிடலாம். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே. ஊத வழியில்லை. சுருங்கும் காற்று கண்ணைத்தான் உறிஞ்சும்.

மாஸ்க் போட்டும் இதைச் செய்துகொண்டவள் நான். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் காது அடைப்பிலேயே கவனமாக இருந்து, மூக்கால் ஊத மறந்து சரசரவென்று இறங்கிவிட்டேன். முகத்தை யாரோ உள்ளே இழுப்பது போல இருந்தது, அப்போதும் உறைக்கவில்லை. படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றினேன், எதிரே இருந்தவர் முகம் மாறிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வலது கண்ணில் வெள்ளை என்பதே இல்லை, குங்குமத்தைக் கொட்டியது மாதிரி. கண்ணைச் சுற்றி ஊதா வளையம். வலி இல்லை, பார்வையும் நன்றாகவே இருந்தது. மேலோட்டமான ரத்தக்கசிவுதான், தானாக வற்றிவிடும் என்றார் டாக்டர். இரண்டு வாரம் ஆனது. அதுவரை கடைக்குப் போனால் காய்கறிக்காரம்மா என்னிடம் பேரம் பேசவில்லை.

முழுமுக ஸ்நார்க்கல் மாஸ்க் மேலே மிதந்துகொண்டு பார்க்க மட்டும். அதில் ரெகுலேட்டரை வாயில் வைக்க வழியில்லை, காது அடைப்பு நீங்க மூக்கைப் பிடித்து ஊதவும் முடியாது.

சுழியோடி_திருமலை | திங்கள், காலை 10.15

மூக்குக்குத் தனியாகப் பை வைத்த மாஸ்க் வந்ததே பிற்பாடுதான். இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனம் 1952-இல் லூய்ஜி ஃபெர்ராரோ வடிவமைத்த பினோக்கியோ என்ற மாஸ்க்கை விட்டது. பெயரே மூக்கை வைத்துத்தான். கண்ணாடிக்கு வெளியே மூக்கு துருத்திக்கொண்டு நிற்கும், விரலால் பிடித்துக் காதுக்கு ஊதலாம். இன்றைக்கு நாம் போடுகிற எல்லாவற்றிலும் அந்த மூக்கு இருக்கிறது. கடையில் போட்டுப் பார்க்கும்போது மூக்கை வெளியிலிருந்து ஒரு கையால் பிடிக்க வருகிறதா என்றும் பாருங்கள். சிலதில் பை அகலமாக, தடித்துப்போய், பிடியே கிடைக்காது.

கண்ணாடிக்கடை | திங்கள், இரவு 8.05

தொழில் கண் பரிசோதனை, வார இறுதியில் டைவ். கரைக்காக்காவின் மைனஸ் மூன்று பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன்.

தண்ணீருக்குள் மாஸ்க் வழியே பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால்வாசி கிட்டேயும் தெரியும். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது வளைவதால் வருவது. மீன் இவ்வளவு பெரிது என்று கையை விரித்துக் காட்டுகிற டைவர் பொய் சொல்லவில்லை. இந்த உபகாரத்தால் மைனஸ் ஒன்று வரை உள்ளவர்கள் பவர் இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். மைனஸ் மூன்றுக்கு அது போதாது. இன்ஸ்ட்ரக்டர் கைஜாடையே மங்கலாகத்தானே தெரிந்திருக்கும்?

உங்களுக்கு இரண்டு வழி. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகலாம். மாஸ்க் நிரம்பினால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் நீந்திப் போய்விடும். டைவ் முடிந்ததும் அதைத் தூக்கி எறிகிற ஒருநாள் லென்ஸ் நல்லது, கடல் தண்ணீர் பட்ட லென்ஸை மறுபடி கண்ணில் வைக்கக்கூடாது. பழைய வகை ஹார்ட் லென்ஸ் ஆகாது, அடியில் குமிழி சேரும்.

அடுத்த வழி பவர் கண்ணாடி மாட்டுகிற மாஸ்க். இரட்டைக் கண்ணாடி மாடல்கள் பலவற்றில் வெறும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரெடிமேட் பவர் கண்ணாடி மாட்டலாம். அரை அரையாக ஏறும் பவர்களில் வரும். வெளிப்பக்கம் தட்டையாகவும் வளைவு உள்ளே காற்றுப் பக்கமும் இருப்பதால் தண்ணீரில் பவர் மாறாது. இடது, வலது வடிவம் வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். சிலிண்டர் பவருக்கு, அதாவது அஸ்டிக்மாட்டிசத்துக்கு, ரெடிமேடில் இடமில்லை. சிலிண்டரில் பாதியை மைனஸோடு கூட்டிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு மைனஸ் 3.25, சிலிண்டர் மைனஸ் 0.50 என்றால் மைனஸ் 3.50. கணக்கு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் குறைந்த பவரையே எடுங்கள், தலைவலி வராது. சிலிண்டர் அதிகம் உள்ளவர்கள் தனியாக அரைத்து ஒட்டச் சொல்ல வேண்டும், செலவு கூடும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் முகத்துக்குப் பொருந்துவது, அப்புறம் அதற்குப் பவர் கண்ணாடி உண்டா என்று கேட்பது. தலைகீழாகப் போனால் தெளிவாகத் தெரிகிற ஒழுகல் மாஸ்க்தான் கிடைக்கும்.

ஐம்பதில்_நீச்சல் | திங்கள், இரவு 9.40

53 வயது. தூரம் துல்லியமாகத் தெரிகிறது, கையில் உள்ள டைவ் கம்ப்யூட்டரும் காற்று அளவும் தெரியவில்லை. கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன், கை நீளம் போதவில்லை. "எவ்வளவு காற்று இருக்கிறது" என்று சைகையில் கேட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் மீட்டரை நீட்டிவிடுகிறேன்.

கண்ணாடிக்கடை | திங்கள், இரவு 9.58

ஐயா, சிரித்துவிட்டேன், ஆனால் மீட்டரை நீங்களே படித்தாக வேண்டும். மாஸ்க் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மட்டும் பிளஸ் பவர் வைத்தது கிடைக்கிறது, வீட்டில் போடும் பைஃபோகல் மாதிரியே. மலிவாக முடிக்க வேண்டும் என்றால் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பிளஸ் வில்லைகள் உண்டு. ஒற்றைக் கண்ணில் மட்டும் ஒட்டிக்கொண்டு திருப்தியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

கரைக்காக்கா | அடுத்த சனி, இரவு 10.10

கடைக்குப் போய் வந்தேன். விவரமாகச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு டைவ் கடை. தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன், வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே. பையில் என் ஸ்நார்க்கல். காலையிலேயே மூக்கடிக் கீற்றை வழித்தாயிற்று. வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, திருமலை அண்ணன் வாழ்க.

கடைக்காரர் முதலில் விலை அதிகமுள்ள ஒன்றை எடுத்து, "இதுதான் சார் இப்போ எல்லாரும் வாங்குறது" என்றார். அண்ணாந்து முகத்தில் வைத்தேன். தங்கை சுற்றிப் பார்த்துவிட்டு, "வலது பொட்டில் என் சுண்டுவிரல் போகும்" என்றாள். அடுத்தது புருவத்தில் சட்டம் இடித்தது. மூன்றாவது வெறும் வாயில் அருமையாக உட்கார்ந்தது. ஸ்நார்க்கலைக் கடித்தேன், மூக்கின் வலது பக்க மடிப்பில் விளிம்பு பளிச்சென்று எழும்பியது. நாலாவது, ஐந்தாவது நினைவில்லை. ஆறாவது வரும்போது கடைக்காரர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சார், மாஸ்க்குதானே, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கிறீங்க."

ஏழாவது இரட்டைக் கண்ணாடி, சட்டம் சின்னது. வைத்ததே தெரியவில்லை. விளிம்பு தோலில் வழிந்து படுத்தது மாதிரி இருந்தது. ஸ்நார்க்கலோடும் அப்படியே. சிரித்துப் பார்த்தேன், புருவத்தைச் சுருக்கிப் பார்த்தேன், குனிந்தேன். லேசாக முகர்ந்தேன், ஒட்டிக்கொண்டது. பட்டையோடு பத்து நிமிடம் கடைக்குள் நடந்தேன், எங்கும் குத்தவில்லை. விலை 5,600. முதலில் காட்டியதில் பாதிகூட இல்லை. பவர் கண்ணாடி இந்த மாடலுக்கு உண்டு, இடது மைனஸ் 3.0, வலது மைனஸ் 3.5 ஆர்டர் கொடுத்திருக்கிறேன், தனிக் காசு.

கேள்வி: தெளிந்த சிலிக்கானா, கறுப்பா? இரண்டும் வைத்திருக்கிறார், ஆர்டரோடு சொல்ல வேண்டும். ஊதித் தள்ளும் வால்வு வைத்த மாடல் எப்படி?

சுழியோடி_திருமலை | ஞாயிறு, காலை 9.20

வால்வு தேவையில்லை. மண் ஒரு துகள் அடைத்தால் அதுவே ஒழுகும்.

நிறம் உங்கள் மனதைப் பொறுத்தது. கறுப்பில் பக்கவாட்டு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்காது, படம் எடுக்கிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். தெளிந்ததில் உள்ளே வெளிச்சமாக இருக்கும், மூடிவைத்தது போன்ற உணர்வு வராது, புதியவர்களுக்கு அது நல்லது. ஆனால் தெளிந்தது காலம் போகப்போக மஞ்சளாகும். கறுப்பு ரப்பர் சாமான்களோடு ஒரே பையில் வைத்தால் நிறம் ஏறிவிடும். வடிவாக நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் தனியாக வையுங்கள். ஈரத்தோடு மூடினால் சிலிக்கானுக்குள் கரும்புள்ளி விழும், பிறகு போகாது.

தூத்துக்குடிக்காரன் | ஞாயிறு, காலை 9.45

புதுக் கண்ணாடியை அப்படியே கடலுக்குக் கொண்டு போகாதே தம்பி. ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. தயாரிக்கும்போது சிலிக்கானிலிருந்து வந்த ஒரு படலம் கண்ணாடியின் உள்பக்கம் இருக்கும். ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து உள்பக்கம் தேய்த்துக் கழுவு. இரண்டு மூன்று தடவை செய். சிலர் லைட்டர் நெருப்பைக் காட்டி எரிப்பார்கள், சிலிக்கானைப் பொசுக்கிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்கடை | ஞாயிறு, காலை 10.30

ஒரு திருத்தம். ஆவி படியாத பூச்சு போட்டு வருகிற கண்ணாடியில் பற்பசையும் கூடாது, நெருப்பும் கூடாது, பூச்சு போய்விடும். பெட்டியில் எழுதியிருக்கும், படித்துவிட்டுத் தேயுங்கள். கண்ணாடியின் ஓரத்தில் டெம்பர்டு என்றோ டி என்றோ பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்தால் கூர்ச்சில்லாகச் சிதறாது.

ஆழிமகள் | ஞாயிறு, காலை 11.00

படலத்தை எடுத்த பிறகும் ஒவ்வொரு டைவுக்கும் முன்பு எச்சில்தான். கூச்சப்பட வேண்டாம், படகில் எல்லாரும் துப்புவார்கள். காய்ந்த கண்ணாடியில் துப்பி, உள்பக்கம் முழுக்கத் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒரே முக்கு. அலசி அலசிக் கழுவினால் போட்டதெல்லாம் போய்விடும். எச்சில் பிடிக்காதவர்கள் குழந்தை ஷாம்பூவில் தண்ணீர் கலந்து சின்னப் பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம், கண் எரியாது. மாஸ்க்கை நெற்றியில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அலையில் போய்விடும், நெற்றிச் சூட்டில் ஆவியும் படியும். கழுத்தில் இறக்கிவிடுங்கள்.

விமானத்தில் போகும்போது மாஸ்க் கைப்பையில். துடுப்பை அங்கே வாடகைக்கு எடுக்கலாம், உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் வாடகைக்குக் கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம்.

கரைக்காக்கா | ஏழு வாரம் கழித்து, புதன், இரவு 9.15

ஹேவ்லாக்கிலிருந்து திரும்பி வந்தாயிற்று. ஆறு டைவ், எல்லாம் பதினெட்டு மீட்டருக்குள்.

முதல் டைவ் நீமோ ரீஃப். இறங்கும்போது பழக்கதோஷத்தில் கை தானாக நெற்றிக்குப் போனது, ஊதித் தள்ள. உள்ளே ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. மூக்கடியில் ஒரு தேக்கரண்டி சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதுவும் ஒரு கோமாளி மீன் என் விரலைக் கொத்த வந்ததைப் பார்த்து நான் சிரித்ததால் வந்தது. மைனஸ் 3.5 வழியாக அதன் செதிலில் இருந்த வெள்ளைக் கோட்டின் கறுப்பு ஓரம்வரை தெரிந்தது. புதுச்சேரியில் நான் பார்த்ததெல்லாம் ஆரஞ்சு நிறப் புகை.

மூன்றாம் நாள் லைட்ஹவுஸ் என்ற டைவ் இடத்தில் மறுபடி தண்ணீர். பதறிவிட்டேன். மேலே வந்து பார்த்தால், கீற்று மூன்று நாளில் வளர்ந்திருக்கிறது. ஹோட்டல் சோப்பில் வழித்தேன், சரியாகிவிட்டது. திருமலை அண்ணன், நீங்கள் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

சுழியோடி_திருமலை | புதன், இரவு 9.50

டைவ் உள்ள நாள் எல்லாம் காலையில். பற்தூரிகைக்குப் பக்கத்திலேயே ஒரு ரேசர் இருக்கும்.

புதுவரவு_மதுரை | வியாழன், காலை 7.30

அண்ணே, அந்தப் பழைய 4,200 ரூபாய் மாஸ்க்கை விற்கிற எண்ணம் உண்டா? போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன், ஸ்நார்க்கலோடு வருகிறேன்.

கரைக்காக்கா | வியாழன், காலை 8.05

தாமதமாகிவிட்டது தம்பி. கடையிலிருந்து வந்த அன்றைக்கே தங்கை அதை எடுத்து அண்ணாந்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஒரு இடத்தில்கூட வெளிச்சம் இல்லை. ஹேவ்லாக்கில் அவளும் கோர்ஸ் முடிக்காதவர்களுக்கான டிஸ்கவர் டைவ் ஒன்று போனாள், ஒரு சொட்டு வரவில்லையாம். "நாலரை நட்சத்திரம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்" என்கிறாள். இப்போது பட்டைக்கு நியோபிரீன் உறை வேண்டுமாம், அதற்கும் நான்தான் காசு கொடுக்கிறேன்.